தொண்டாமுத்தூர் யானை இடித்த சிவப்புக் கார்

போன வாரம் என் தங்கை மகள் கைப்பேசியிலேயே ஒரு பழைய கார் வாங்கினாள். வண்டி பெங்களூரில், இவள் சிங்காநல்லூரில், நடுவில் ஒரு கம்பெனி. படமாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள். பின்கதவில் இருந்த ஒரு கீறலைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, 'காஸ்மெட்டிக் டேமேஜ்' என்று எழுதியிருந்தது. அழகுக்கு மட்டும் பட்ட அடியாம், உயிருக்கு ஆபத்தில்லையாம்.

"இதைப் பாக்கறதுக்கா மாமா நீங்க காலமெல்லாம் பஸ் ஏறிப் போனீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், இதைப் பார்க்கத்தான் போனேன். படத்தில் கீறல் தெரிகிறது. அது எப்படி வந்தது, அப்போது வண்டியில் யார் இருந்தார்கள் என்பதற்கு யாரும் வட்டம் போடுவதில்லை. அதைச் சொன்னால் பெண்ணுக்குப் புரியாது. எனவே காப்பியைக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் காந்திபுரத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில் வேலை பார்த்தவன். கன்சல்டிங் என்றதும் ஏதோ ஆலோசனை சொல்லும் படிப்பாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கார் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடாதபடி நடுவில் உட்கார்ந்திருக்கும் தொழிலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அதற்கு முன் ஒரு டிங்கர் பட்டறையில் சில வருடம், நசுங்கிய தகரத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். காது கொஞ்சம் மந்தமானது, கண் கொஞ்சம் தெளிந்தது. அந்தக் கண்ணுக்குத்தான் கன்சல்டிங் முதலாளி சின்னச்சாமி என்னைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்தார்.

முதலாளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு கோடு திருநீறு. அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கெட்ட செய்தியும் வந்ததில்லை. லாரியோடு நேருக்கு நேர் மோதி வந்த கார் அவரிடம் 'சின்னத் தட்டல்'. மீட்டர் ஒரு சுற்று முடித்து மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிய வண்டி 'நல்லாப் பழகின வண்டிங்க'. விற்க வரும் எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டிய வண்டி. கோயமுத்தூரில் உண்மையிலேயே அத்தனை டாக்டர்கள் இருந்திருந்தால் இந்த ஊரில் ஒருவனுக்கும் சளிகூடப் பிடித்திருக்காது.

கெட்ட செய்தியை அவர் சொல்லும் முறையே தனி. வாய் திறக்க மாட்டார், காப்பி வரவழைப்பார். ஒரு காப்பி வந்தால் பெயிண்டில் கோளாறு. இரண்டாவது காப்பி வந்தால் இன்ஜின். மூன்றாவதும் வந்துவிட்டால் வாங்க வந்தவர் தானாகவே எழுந்து போய்விடுவார். வயிறு தாங்காது.

வெளியூரில் இருப்பவர்கள் போனிலேயே வண்டி பேசி முடிக்கும் வழக்கம் தொண்ணூறுகளில் பெருகியது. எஸ்.டி.டி. பூத் தெருவுக்குத் தெரு முளைத்தது. போனில் காப்பி கொடுக்க முடியாது என்பதுதான் முதலாளிக்கு ஒரே வருத்தம். ஆகவே நான் போய் வண்டியைப் பார்த்து, படம் எடுத்து, போனில் விவரம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் வண்டியைத் தொட மாட்டேன். தள்ளி நின்று, பக்கவாட்டில் வெயில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பேன். வெயில் எங்கே நெளிகிறதோ அங்கே யாரோ தட்டியிருக்கிறார்கள். பிறகு கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தைத் தகரத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போவேன். ஒடுக்கை மறைக்கப் பட்டி என்ற பசை அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கும். கதவு ரப்பரை விலக்கி உள்ளே புதுப் பெயிண்ட் தெறித்திருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியில் நேர்ச் சாலையில் ஓட்டி, ஸ்டியரிங்கைக் கைவிட்டு, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். இவ்வளவையும் முதலாளியிடம் வந்து ஒப்பித்தால், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறு ஒன்றைப் போனில் சொல்வார்.

கிணத்துக்கடவில் ஒரு வண்டி பார்த்தேன். தோப்பில் நிறுத்தி நிறுத்தி, தேங்காய் விழுந்து, கூரை முழுக்கக் குழி. அதைத் திருப்பூர்க்காரர் ஒருவருக்கு முதலாளி விவரித்தார்: "வெயிலே படாத வண்டிங்க. எந்நேரமும் தென்னை நெழல்லயே நின்னது." வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஜீப்பைப் பார்க்க அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸில் என் காலைச் சாப்பாட்டையும் இழந்து போனால், ஜீப் இருந்த இடத்தில் மூடுபனிதான் இருந்தது. கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். "பார்வைக்கு ஒரு கொறையும் தெரியலீங்களாம்" என்றார் முதலாளி போனில். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது.

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே ஆள், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. யாரோ வளைகுடாவிலிருந்து கொச்சித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியதைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டக்காரர் தேவராஜ் வாங்கி வைத்திருந்தார். இளவயதில் கார்ப் பந்தயத்தில் ஓட்டிக் கோப்பை வாங்கியவர். அந்த வண்டியை விற்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அவரல்ல, அவர் மனைவி சுலோச்சனா. முதலாளி ஆள் அனுப்பி, நல்ல பக்கமாகப் பார்த்து ஒரு படம் எடுத்து, இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பம்பாயிலிருந்து ரகுராமன் என்பவர் கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், ஞாயிற்றுக்கிழமையானால் மலைச்சாலையில் கார் ஓட்டாவிட்டால் தூக்கம் வராதவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "படத்துல வலது பக்கம்தான் தெரியறது. இடது பக்கம் எங்கே?"

முதலாளி காப்பி சொல்லப் போனவர், போன் என்பது நினைவுக்கு வந்து, என்னை அனுப்பிவைத்தார்.

தோட்டத்தில் எனக்கு ஏக மரியாதை. "வாங்க சார், உக்காருங்க சார், மோர் குடிங்க சார்." என் அப்பா அதே பக்கத்தில் தோட்டங்களில் கூலிக்கு நீர் பாய்ச்சியவர். அவரை யாரும் உட்காரச் சொன்னதாக அவர் எனக்குச் சொன்னதில்லை. என் கழுத்தில் கேமரா தொங்கியதால் அவர் மகன் ஆரோக்கியசாமிக்கு, அதாவது எனக்கு, நாற்காலி கிடைத்தது. கேமராவுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தேன். தேவராஜ் நாற்பதைத் தாண்டாத, சிரித்த முகமுள்ள மனிதர். அவர்களுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

வண்டியின் இடது பக்கம் முன் மட்கார்டிலிருந்து கதவு வரை ஒடுங்கி, பெயிண்ட் உரிந்து கிடந்தது. ஒடுக்கின் நடுவில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"மலையடிவாரமுங்க, ஆனை வந்துபோட்டுப் போகும்" என்றார் சுலோச்சனா. "போன மாசம் வந்தது, வண்டிமேல ஒரசிட்டுப் போயிருச்சுங்க."

"புள்ளையாரே வந்து தொட்டுட்டுப் போனாருன்னு வெச்சுக்கங்க" என்றார் தேவராஜ், என்னைப் பார்க்காமல்.

நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன் இல்லை. கும்பிடுகிறவனாக இருந்தாலும் அந்தக் கீறலைப் பார்த்தால் சந்தேகம் வரும். முன்பக்கம் ஆழமாகத் தொடங்கி, பின்னால் போகப் போக மெலிந்து, ஒரே கோடாகப் போனது. நின்ற வண்டியை யானை உரசினால் கீறல் அங்கும் இங்குமாக இருக்கும். இது நின்ற ஒன்றின் மேல் வண்டி நகர்ந்துபோன கீறல். ஒடுக்குக்குள் விரலால் தேய்த்தேன், சுண்ணாம்பு வந்தது. சுண்ணாம்பு பூசிக்கொண்டு வரும் யானையை நான் அந்த மலையடிவாரத்தில் கேள்விப்பட்டதில்லை. மற்றபடி காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. அடி தோலோடு நின்றிருந்தது.

ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டேன். சுலோச்சனா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார், கணவர் கையில் அல்ல. தேவராஜ் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். சிறுவாணி ரோட்டில் கைவிட்டு ஓட்டினேன், வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. "இப்ப மூணாவது போடுங்க... இப்ப..." என்று அவர் எனக்கு முன்னால் கியர் சொல்லிக்கொண்டே வந்தார். சொன்ன நேரத்தில் போட்டால் இன்ஜின் பாடியது. அப்படி வண்டி தெரிந்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கிளம்பும்போது சுலோச்சனா கேட் வரை வந்தார். கேட்டின் இரண்டு தூண்களும் பழசு. இடது தூணில் மட்டும் இடுப்பு உயரத்தில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நான் தூணைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"ஆனைதானுங்க" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்கூட்டுக்காரருக்கு ஒரு வருசமா வலிப்பு வருதுங்க. வர்றது அவருக்கே தெரியாது. டாக்டர் ஸ்டியரிங்கையே தொடக்கூடாதுன்னுட்டாரு. சாவி எங்கிட்டத்தான் இருக்குது. ஆனாலும் வண்டி கண்ணு முன்னால நிக்கற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. ஸ்பேருக்குக் கேட்டு ரெண்டு பேரு வந்தாங்க, ஒடைச்சு விக்கறவங்களுக்குக் குடுக்கவே மாட்டேன்னு சொல்லிப்போட்டாரு. ஓட்டறவங்களுக்குத்தான் குடுப்பாராம். இந்தப் பம்பாய்க்காரர எப்படியாச்சும் முடிச்சுக் குடுங்க."

சாவி இவர் இடுப்பில் இருக்கிறது, வண்டி தூணில் உரசியிருக்கிறது. இன்னொரு சாவி இல்லாத கார் உலகத்தில் கிடையாது. இது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே கணவரின் கௌரவத்துக்காக ஒரு யானையைக் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் வந்து சொன்னேன், இது யானை இல்லை, தூண் என்று.

"அவங்க ஆனைன்னு சொல்றாங்கல்ல ஆரோக்கியம்? வூட்டுக்காரங்க சொல்றத நாம இல்லைன்னு சொல்றது மரியாதையா இருக்குமுங்களா?" என்றார். எனக்கே ஒரு காப்பி வந்தது.

பம்பாய்க்கு அவரே யானையைச் சொன்னார். ரகுராமனுக்கு ஆனந்தம். அந்த ஒடுக்கை யாரும் தட்டி நிமிர்த்தக் கூடாது, அப்படியே வேண்டும், பம்பாயில் எவனிடமும் யானை இடித்த ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது என்றார். ஆதாரத்துக்கு வன இலாகாவிலிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா என்று கேட்டார். முதலாளி உடனே தன் ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர் வன இலாகாவில் இருப்பதை நினைவுகூர்ந்தார். யானையின் விலாசத்தைக் கேட்டிருந்தால் அதையும் வாங்கிக் கொடுத்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து ரகுராமன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை ஆனந்தம் இல்லை. அவருடைய மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறார். கியரில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்ட வண்டியை யானை தள்ளியிருந்தால் கியர்ப் பெட்டியில் பல் போயிருக்கும், ஆக்சில் வளைந்திருக்கும், வெளியே தெரியாது என்று அவன் பயமுறுத்திவிட்டான். ஓனரிடம் நேரடியாகப் பேச வேண்டும், வண்டியைப் பார்த்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், திருப்தியில்லை என்றால் வண்டி வேண்டாம் என்றார்.

இதுதான் வேடிக்கை. தூண் என்று சொல்லியிருந்தால் அது வெறும் கீறல். மரியாதையாக யானை என்று சொன்னதால் அது ஆக்சில் வரை போய்விட்டது.

மறுநாள் தோட்டத்துக் கூடத்தில் போனுக்கு முன்னால் தேவராஜும் நானும் உட்கார்ந்திருந்தோம். ரகுராமன் பேசினால் ரிசீவரே தேவையில்லை, பம்பாயிலிருந்து நேராகக் காதில் விழுவது போலக் கூடம் முழுக்கக் கேட்கும். சுலோச்சனா சமையலறை நிலையில் காப்பித் தட்டோடு நின்றார்.

"சார், யானை வந்தப்போ வண்டி கியர்ல இருந்ததா, நியூட்ரலா?"

தேவராஜ் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"எவ்வளவு தூரம் தள்ளித்து? எனக்கென்னமோ ஆக்சில் போயிருக்கும்னு தோணறது. தப்பா நினைக்காதேங்கோ, வளைஞ்ச வண்டியை நான் மலையில ஓட்ட முடியாது."

"வளையலீங்க" என்றார் தேவராஜ்.

"நீங்க சொல்லலாம். யானை சார் அது."

தேவராஜ் முகம் சிவந்துவிட்டது. தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரிக்கும் மனிதர், வண்டியைச் சொன்னதும் பொறுக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான், 'இல்லை' என்பது போலத் தலையாட்டினேன். ஆக்சில் வளையவில்லை என்றுதான் நான் சொன்னது, அவர் என்ன எடுத்துக்கொண்டாரோ.

"ஆனை தொடவே இல்லீங்க" என்றார். "ஆக்சிலுக்கு ஒண்ணுமில்லை. கேட்டுத் தூண்ல மெதுவா ஒரசினதுங்க. நாந்தான் ஓட்டுனேன்."

சுலோச்சனா தட்டோடு கூடத்துக்குள் வந்தார்.

"நீங்க ரேஸ் ஓட்டினவர்னு சொன்னாளே. சொந்தக் கேட்டுல எப்படி சார்?"

"கண்ணு இருட்டிருச்சுங்க. எனக்கு வலிப்பு வருமுங்க. அன்னிக்கு வண்டில இருக்கையில வந்துருச்சு. கேட்டுக்குத் திரும்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலு எடுத்திருந்ததால வண்டி தானா நின்னுபோச்சு."

ரகுராமன் நல்ல மனிதர், வண்டியைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை.

"உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே? கூட யாரும் இருந்தாளா?"

தேவராஜ் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பாப்பா இருந்தாளுங்க" என்றார். "அவளுக்கும் ஒண்ணும் ஆகலை."

ரகுராமன் வண்டியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னது எனக்குக் கேட்டது. தேவராஜ் நன்றி சொன்னதும் கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சுலோச்சனா தட்டைத் தரையில் வைத்தார். "பாப்பாவா?"

"அன்னிக்கு நீ வூட்டுல இல்லை, ஸ்கூல் பஸ்ஸும் வரலை. பக்கந்தானேன்னு கூட்டியாந்தேன்."

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

அவரே யோசித்தார். யோசித்து முடித்தது முகத்தில் தெரிந்தது. "நாந்தான் அவகிட்டச் சொன்னேன். ஆரு கேட்டாலும் ஆனைன்னு சொல்லு கண்ணு, அப்பாவ ஆரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு. நானும் அந்த 'ஆரு'ல சேத்தின்னு நெனைச்சுக்கிட்டா போல இருக்குது."

எனக்கு அந்த நிமிடம் இரண்டு பேர் மேலும் வந்த கோபத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை. என் வீட்டிலும் அதே வயதில் ஒரு பெண் இருந்தாள். எழுந்து கத்தியிருக்க வேண்டும். அந்த வீட்டில் கத்துவதற்கு என் நாற்காலி இடம் கொடுக்கவில்லை.

கத்துவதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. "இன்னொரு சாவியக் கொண்டாங்க" என்றார் சுலோச்சனா. தேவராஜ் உள்ளே போய், பந்தயக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, சாவியை எடுத்து வந்து கொடுத்தார். அதைச் சுலோச்சனா இடுப்பில் செருகவில்லை, நேராக என் கையில் வைத்தார். தன் சாவியையும் எடுத்து வைத்தார்.

"வண்டிய இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க சார்."

பணம் வந்து சேராமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதைச் சொன்னேன்.

"பம்பாய்க்காரரு எங்களுக்குக் காசே குடுக்காட்டியும் போகுது. பாப்பா நாலு மணிக்கு வந்துருவா. அவ வர்றப்ப இது இங்க நிக்கக்கூடாது."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தேவராஜ் வெளியே வரவில்லை. காந்திபுரத்தில், நான் சொன்னதையெல்லாம் கேட்ட முதலாளி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, சட்டத்தை மீறியதற்காக என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வரிசையாக மூன்று காப்பி வரவழைத்தார். மூன்றையும் குடித்தேன், நான் எழுந்து போகவில்லை.

வண்டி லாரியில் பம்பாய் போனது. ஒடுக்கைத் தட்டவில்லை, சந்தனத்தை மட்டும் நானே துடைத்தேன். தங்கை மகளின் கைப்பேசியில் இருக்கும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூடம்தான் வருகிறது. அன்பான மனிதர்கள், ஒருவரை ஒருவர் ஒரு சொல் எடுத்தெறிந்து பேசாதவர்கள். அந்த வீட்டில் மரியாதைக்கு ஒரு நாளும் குறைவு வந்ததில்லை. வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் ஒரு குழந்தை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.